மயில் கழுத்துப் படகு

ஞாயிறு

வெள்ளிக்கிழமை நடந்ததை இன்றுதான் நிதானமாக எழுத முடிகிறது. அன்றே எழுதியிருந்தால் பேனா முள் வளைந்திருக்கும்.

ஜாதவ்பூரில் நான் போகிற மாலை வகுப்பில், படகு வரைபட டிப்ளமாவின் கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு ஜோடி பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடியும் இலவ மரக் கட்டையில் முழ நீளத்துக்கு ஒரு படகின் உடலைச் செதுக்கி, பெயின்ட் பூசி, தொட்டியில் மிதக்கவிட வேண்டும். ஆசிரியர் பாதுரி பெயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசி பெஞ்சிலிருந்த வைத்தியநாதனைப் பார்த்தார். "இரண்டு பேரும் மதராசி. பாஷைக் கஷ்டம் இருக்காது" என்றார். பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருக்கிறேன். எனக்குத் தமிழைவிட வங்காளம் சரளம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வேண்டியது பாஷையல்ல, ஒழுங்கு. ஒரே டப்பாவில் ஒரே பருப்பு.

இலவ மரம் தண்ணீரைக் குடிக்கும். அதுதான் தேர்வே. முதலில் படகை நிறுப்பார்கள். சொன்ன பளுவை ஏற்றித் தொட்டியில் விடுவார்கள். வகுப்பு முடியும்போது எடுத்துத் துடைத்து மறுபடியும் நிறுப்பார்கள். குடித்த தண்ணீர் அளவை மீறினால் தோல்வி, அடுத்த வருடம் மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே செதுக்கலைவிடப் பூச்சுதான் முக்கியம். எந்த எண்ணெய், எந்த வார்னிஷ், எதன்மேல் எது.

எனக்கு அடுத்த வருடம் கிடையாது. அப்பா கப்பல் இலாகாவில் இருக்கிறார். தை மாதம் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் என்பது உறுதியாகிவிட்டது. நான் பகலில் கிதிர்ப்பூரில் லாஞ்ச் படகு கட்டும் கம்பெனி ஒன்றில் ட்ரேசர், அதாவது மற்றவர்கள் போட்ட கோட்டின்மேல் கோடு இழுப்பவள். டிப்ளமா வந்தால் நானே கோடு போடும் வேலை, நிரந்தரம், பெண்கள் விடுதியில் இடம். வராவிட்டால் அப்பா, அம்மா, ஹோல்டால் படுக்கைச் சுருள் ஆகியவற்றோடு நானும் விசாகப்பட்டினம். அங்கே பரமசிவம் என்று ஒருவரிடம் என் ஜாதகம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி வைத்தியநாதன். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். பாலிகஞ்சில் வீடு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்ட். மற்றவர்கள் தபால்தலை சேர்ப்பதுபோல் டிப்ளமா சேர்க்கிறார். ஹிந்தி, ஹோமியோபதி, கூட்டுறவு, தேனீ வளர்ப்பு எல்லாம் ஆகிவிட்டன. தேனீக்கு அடுத்தது படகு. படகில் ஏறினால் தனக்கு வாந்தி வரும் என்பதையும் ஒரு தகுதிபோலச் சொன்னார்.

ஜோடி என்றானதும் என் மேஜைக்கு வந்தார்.

"அம்மா வசுமதி, நீ ஒண்ணும் கவலைப்படாதே. வேலையெல்லாம் நீ பண்ணு. யோசனையெல்லாம் நான் பண்றேன்."

"சரி சார்" என்றேன். இந்த 'சரி சார்' என் வாயிலிருந்து எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நினைப்பதற்கு முன்னால் வந்துவிடுகிறது.

செவ்வாய்

செதுக்கி முடித்தாயிற்று. வேலையெல்லாம் நான் பண்ணினேன். பூசுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். படகு எதுவரை தண்ணீரில் அமிழ வேண்டுமோ அந்தக் கோட்டைப் பென்சிலால் போடாமல், பேனாக்கத்தியால் மரத்திலேயே கீறிவைத்தேன். பெயின்டை நான் நம்புவதில்லை. பென்சிலையும் நம்புவதில்லை. என் கையை அதைவிட நம்புவதில்லை என்பதால் கீறலை மூன்று தரம் சரிபார்த்தேன்.

வெட்டி மிஞ்சிய கட்டையைக் குச்சிகளாகச் சீவி, குச்சிக்கு ஒரு பூச்சாகப் பூசி, காயவைத்து, நிறுத்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து மறுபடி நிறுத்தேன். வீட்டில் இதற்கென்று இடம் கிடையாது. சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில்தான் குச்சிகளை அடுக்கினேன்.

அரக்கு பாலிஷ் மேஜை நாற்காலிக்கு ராஜா. தண்ணீர் பட்டதும் பாலாடை படிந்ததுபோல் வெளுத்துப்போய்விட்டது. எனாமல் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி, மேலே பளபளப்பு, ஓரத்தில் கொப்புளம். தார் ஒரு சொட்டுத் தண்ணீரையும் விடவில்லை. ஆனால் அதன் கனத்தில் படகு தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே போய்விடும். ஆளிவிதை எண்ணெயைச் சூடாக மரத்துக்குள் இறக்கி, அதன்மேல் சிவப்பு ஈயப் பூச்சு, அதன்மேல் கோபால் என்கிற மரப்பிசின் வார்னிஷ் பூசிய குச்சி மட்டும் ஊறியும் எடை மாறவில்லை. சீக்கிரம் காய்வதற்கு டிரையர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். அதைக் கலந்த குச்சியில் மயிரிழை போல் வெடிப்பு விட்டது. ஆகவே டிரையர் வேண்டாம்.

முடிவு தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருப்பதால் சந்தேகம் வந்தது. அப்பாவின் கடிதம் நிறுக்கும் தராசில் அதே குச்சியைத் திரும்பத் திரும்ப நிறுத்தேன். ஒவ்வொரு தரமும் முள் ஒவ்வொரு இடத்தில் நின்றது. நடுங்கியது தராசா என் விரலா என்று கண்டுபிடிக்க இன்னொரு தராசு வேண்டும்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஏட்டி, கட்டிக்குடுக்கிற வயசுல குச்சிக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருக்கியே. சவம், ரசத்துலகூட டர்பன்டைன் நாறுது."

"ரெண்டு நாள்தாம்மா."

"உங்க அப்பா ரெண்டு வருசம்னு சொல்லித்தான் என்னை இந்த ஊருக்குக் கூட்டியாந்தாரு."

வியாழன்

வைத்தியநாதனோடு கரியாஹாட்டில் பெயின்ட் கடைக்குப் போனேன். என்ன வாங்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி, படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கலர்தான் முக்கியம்" என்றார். "மயில் கழுத்து."

"சார், ஈயப் பூச்சு சிவப்பாத்தான் இருக்கும். மேல வார்னிஷ் நிறமில்லாதது."

"சிவப்பு லாரிக்கு." கடைக்காரர் பக்கம் திரும்பி ஹிந்தியில் மயில் கழுத்து நிறம் கேட்டார். கடைக்காரர் ஒரு நீல டப்பாவை வைத்தார். இல்லை என்றார். பச்சை டப்பா வந்தது. இல்லை என்றார்.

"மயில் கழுத்துன்னா நீலமும் இல்லே, பச்சையும் இல்லே. இப்படித் திருப்பினா நீலம், அப்படித் திருப்பினா பச்சை. ஆத்துக்காரியோட கூறைப் பொடவை அந்தக் கலர்தான்." இதைத் தமிழில் என்னிடம் சொல்லி, மொழிபெயர்க்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தேன்.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களையும் பார்த்தார். "புடவை திரும்பும், தாதா. பெயின்ட் திரும்பாது" என்றார்.

அந்தக் கடைக்காரரிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அடுத்த நிமிடமே அது போய்விட்டது. தண்ணீரில் விடும் மரத்துக்கு எது நல்லது என்று நான் கேட்டதற்கு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கைக்கு எட்டிய டப்பாவை எடுத்து, "இதுதான். கப்பலுக்கே இதுதான்" என்றார். அது சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர்.

வகுப்பில் மற்றவர்கள் மட்டும் என்ன வாழ்கிறார்கள்? மிருணாளும் அவன் ஜோடியும் பச்சை, மெரூன். பக்கத்து ஜோடி சிவப்பு, மஞ்சள். ஒன்று மோகன் பகான், மற்றது ஈஸ்ட் பெங்கால், இரண்டும் இந்த ஊர்க் கால்பந்து டீம்கள். எந்த எண்ணெய் என்று இருவரும் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. எந்த டீம் என்பதற்கு மட்டும் சண்டை போட்டுக்கொண்டார்கள். படகு மூழ்கினாலும் கட்சி மூழ்கக் கூடாது.

கடைசியில் என் சரக்கையே வாங்கிவந்தோம். கடையில் மயில் கழுத்து இல்லை என்பதுதான் காரணம். என் குச்சிகளைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டார். "குச்சியெல்லாம் எதுக்கு? படகுக்குத் துடுப்பா?"

வெள்ளி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அவரை மனத்துக்குள் கழுதை என்று சொல்லிக்கொண்டேன், தாளில் எழுதவில்லை. இன்று எழுதிவிட்டு அடித்தேன். கழுதை சுமக்கும்.

ஞாயிறு

ஒரு வாரம் விட்டுப்போயிற்று. பூசி முடித்தேன். படகு காயவில்லை.

மழை நிற்கவேயில்லை. பொச்சா பாத்ரோ என்பார்கள் இங்கே. அழுகின ஆவணி. சுவர் வியர்க்கிறது, உப்பு ஜாடி வியர்க்கிறது, படகின்மேல் வார்னிஷ் வெல்லப் பாகு மாதிரி இருக்கிறது. என் அறை ஜன்னலுக்குக் கீழே, காற்று வரும் இடமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். விரல் வைத்தால் ரேகை பதிகிறது. ஒரு கொசு உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் செத்துவிட்டது. அதன் காலை ஊசியால் எடுத்தேன். ஒரு கால் இன்னும் இருக்கிறது.

குச்சிகள் காய்ந்தன. அதே எண்ணெய், அதே ஈயம், அதே வார்னிஷ். குச்சி சின்னது, படகு பெரியது என்பது ஒரு காரணமாகத் தோன்றவில்லை. பூச்சின் கனம் ஒன்றுதான். எங்கே தவறினேன்? டிரையர் கலந்திருக்க வேண்டுமா? வெடித்திருக்கும். கலக்காமல் காயவில்லை. இப்படி ஈரமாகத் தொட்டியில் இறக்கினால் பூச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அடியிலிருக்கும் இலவம் ஆனந்தமாகக் குடிக்கும்.

வகுப்பில் எல்லோர் படகும் பிசுபிசுக்கிறதாம். மிருணாள் தன் படகுக்கு முகப் பவுடர் போட்டுப் பார்த்தானாம். இவர்கள்தான் நாளைக்குக் கப்பல் கட்டப் போகிறவர்கள். நானும்தான்.

தேர்வு வருகிற வெள்ளி.

புதன்

அலுவலகத்திலிருந்து வந்தால் ஜன்னலுக்குக் கீழே படகு இல்லை. நாளிதழ்த் தாளில் அதன் சிவப்பு வடு மட்டும் இருந்தது.

அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார். "வைத்தியநாதன் சார் வந்திருந்தாங்க. வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்குக் குடுத்தீங்க?"

"சூப்பரின்டெண்டு வீடு தேடி வந்து கேக்கும்போது எப்படிம்மா மாட்டேங்கது? மெட்ராஸ் காப்பி குடிச்சாங்க. அம்மா போட்ட முறுக்கு பேஷ்னாங்க. செங்கல் மாதிரி இருக்கு, நான் சரி பண்ணிக் கொண்டாறேன்னு எடுத்துட்டாங்க."

"ஈரம்ப்பா அது. எப்படிக் கொண்டுபோனாரு?"

"வாழையிலையில சுத்தித்தான். நானே சுத்திக் குடுத்தேன்" என்றார், உதவி செய்த முகத்தோடு.

அப்பாவிடம் கோபித்து என்ன? வேதாச்சலம் பிள்ளை வாழ்க்கையில் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. விசாகப்பட்டினத்துக்கும் சொல்லவில்லை. எனக்கு அந்த 'சரி சார்' எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வைத்தியநாதன் வகுப்புக்குத் தாமதமாக வந்தார். ஜரிகை அங்கவஸ்திரத்தில் சுற்றி, குழந்தையைப்போல் மார்பில் அணைத்திருந்தார். என் மேஜையில் வைத்து மெதுவாகத் துணியை விலக்கினார்.

மயில் கழுத்து. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். திருப்பினால் நீலம், மறுபக்கம் பச்சை. விளிம்பில் ஒரு தங்கக் கோடு. மேல்பாதி கண்ணாடியாக மின்னியது. மூக்கில் இரண்டு பக்கமும் நீளமாக, மையிட்ட, அம்மன் கண்கள். "கீ ஷுந்தோர்!", என்ன அழகு என்று மிருணாள் ஓடிவந்தான். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க சார் பூசினீங்க?" என்று கேட்டேன்.

"காளிகாட்ல, பொட்டுவாபாடான்னு சிலை பண்றவா தெரு. துர்க்கை பண்றவன். பூஜைக்கு முன்னாடி அவனுக்கு மூச்சுவிட நேரமில்லே. என் முகத்துக்காக ஒத்துண்டான்."

"எதுல குழைச்சான்?"

"புளியங்கொட்டைப் பசை. சுத்தமான சரக்கு. அடியில சாக்பீஸ் மாதிரி வெள்ளைச் சாக்குப் பொடி நாலஞ்சு பூச்சு, அதுக்கு மேல கலர்."

"தண்ணில கரையுமே சார்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நான் கேக்காம இருப்பேனா? 'தண்ணில விடப் போறோம்'னு அவன்கிட்ட தெளிவா சொன்னேன். அவன் சிரிக்கறான். 'பாபு, எங்க சரக்கு அத்தனையும் தண்ணிக்குத்தான் போறது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து போறது. இதுவரைக்கும் ஒருத்தர் திரும்பி வந்து குறை சொன்னதில்லே' ன்னான். இதுக்கு மேல கேரண்டி யார் குடுப்பா?"

பூஜை முடிந்து சிலையைக் கங்கையில் விடுவதை இந்த ஊரில் பாஷான் என்பார்கள். பத்து வருடமாக வைத்தியநாதன் ஒவ்வொரு பாஷானுக்கும் பாலிகஞ்சிலிருந்து குடும்பத்தோடு போய்ப் பார்ப்பவர். சிலை முழுகும்போது கும்பிடுவார். முழுகிய பின் அது என்ன ஆகிறது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. சூப்பரின்டெண்டுகள் கோப்பை அனுப்பிய பிறகு அது என்ன ஆகிறது என்று யோசிப்பதில்லை.

"மேல எண்ணெய் மினுமினுக்கறது பாத்தியா? முகம் பாக்கலாம்."

"அடியில எண்ணெய் தடவலியா?"

"அடியில எதுக்கு? அம்பாளுக்கே முகத்துக்கும் கைக்கும்தானாம். ரெண்டு நாளும் கரிச் சட்டி பக்கத்துலயே வெச்சுக் காய வெச்சான், பாவம். அந்தச் சந்துல ஒரே புகை, நேக்கு இருமல் வந்துடுத்து."

விரலை எச்சில் தொட்டுப் படகின் அடியில் தேய்த்தேன். விரல் மயில் கழுத்தாக வந்தது. அவரிடம் காட்டினேன்.

"உன் விரல்ல இங்க் இருந்திருக்கும்" என்றார்.

பாதுரியிடம் போய், சுரண்டிவிட்டு வர அரை மணி கேட்கலாமா என்று நினைத்தேன். ஆனால் கீழே என்ன இருக்கிறது? என் பாகு. அதன்மேல் சாக்குப் பொடி. சுரண்டினால் இரண்டும் சேர்ந்து வரும். சுரண்டாவிட்டால் தண்ணீர் வேலையைச் செய்யும். இரண்டு வழியும் ஒரே விசாகப்பட்டினத்துக்குப் போயின. அதோடு, புளியங்கொட்டைப் பசையை நான் சோதிக்கவில்லை. சோதிக்காத ஒன்றைக் கரையும் என்று எப்படி அடித்துச் சொல்வது? இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாதுரி, "மிஸ் வேதாச்சலம், மிஸ்டர் நாதன்" என்று கூப்பிட்டு, படகை நிறுத்து, எடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டார்.

சிமென்ட் தொட்டி ஒன்றுதான். எல்லாப் படகும் அதில்தான். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஏற்கெனவே பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. எங்கள் படகை வைத்தியநாதன் தன் கையால் இறக்கினார், ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டு. பளுவை ஏற்றியதும் அது இருக்க வேண்டியதைவிட ஆழமாக உட்கார்ந்தது. சாக்குப் பொடியின் கனம்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. வைத்தியநாதன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பிறகு படகைச் சுற்றி ஒரு வெள்ளைப் புகை கிளம்பியது. பிறகு நீலம், பச்சை. பிறகு தொட்டி முழுவதும், அரிசி களைந்த தண்ணீரில் சோப்பு நீலத்தைக் கலந்தமாதிரி ஆகிவிட்டது. பக்கத்துப் படகுகளின் அடிப்பாகம் தெரியவில்லை. அம்மன் கண்ணிலிருந்து மை ஒழுகியது.

"ஷொர்போநாஷ்!" என்றார் பாதுரி, தலையில் கைவைத்து. சர்வநாசம்.

மிருணாள்தான் ஆரம்பித்தான். பாஷான் முடிந்ததும் லாரியில் நின்று கத்துவார்களே, அதை. "ஆஷ்சே போச்சோர்!" என்று இழுத்தான். மொத்த வகுப்பும், "ஆபார் ஹோபே!" என்று முடித்தது. அடுத்த வருடம் மறுபடியும் நடக்கும். மேஜையைத் தாளம் போட்டு இன்னொரு தரம் கத்தினார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் கூட்டம் முழுவதையும் நான் வெறுத்தேன். கால்பந்துக் கட்சிக்காரர்கள், பவுடர் போட்டவன், ஒரே டப்பாவில் ஒரே பருப்பு போட்டவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அரை மணி கேட்க வாய் வராதவளை.

"நம்ம படகு மேல வரது!" என்று வைத்தியநாதன் என் தோள் பக்கம் கிசுகிசுத்தார்.

வந்தது. கரையக் கரையக் கனம் குறைந்து மெல்ல எழும்பியது. மற்றவை குடித்துக் குடித்து இறங்க, எங்களுடையது மட்டும் ஏறியது. மேலே தங்கக் கோடு, கீழே சொட்டைச் சிவப்பு. இடையில் நான் கத்தியால் கீறிய கோடு தெரிந்தது. தண்ணீர் சரியாக அதில் வந்து நின்றது.

மணி அடித்ததும் பாதுரி ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். மோகன் பகானின் பச்சை அவர் துண்டோடு வந்துவிட்டது. ஈஸ்ட் பெங்கால் தோலுரிந்தது. இரண்டும் அளவுக்கு மேல் குடித்திருந்தன. இப்போது யாரும் கத்தவில்லை. எங்கள் படகைத் தராசில் வைத்தார். கரும்பலகையைப் பார்த்தார். மறுபடியும் நிறுத்தார்.

"உள்ளே போனதைவிட வெளியே வந்தது எடை குறைவு. இப்படி ஒரு படகை நான் பார்த்ததில்லை. இதற்கு விதியில் ஒன்றுமே இல்லை."

வைத்தியநாதன் முன்னால் வந்தார். இங்கிலீஷில் சொன்னார். "அது வேண்டுமென்றே செய்தது, சார். தன்னைத் தியாகம் செய்துகொள்ளும் மேல்பூச்சு."

பாதுரி அவரைப் பார்க்கவில்லை. மீதி வர்ணத்தைத் துண்டால் முழுவதும் துடைத்து எடுத்துவிட்டு நிறுத்தார். கட்டை விரல் நகத்தால் சிவப்பைக் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை. தட்டினார். தண்ணீர் குடிக்காத கட்டையாக 'டொக்' என்றது.

"இது காய்ந்திருக்கிறது. இந்த மாசத்தில் ஒருவருடையதும் காயவில்லை. என்ன பூசினாய்?"

என்னைத்தான் கேட்டார். ஆளிவிதை எண்ணெய், ஈயம், கோபால் வார்னிஷ், வரிசை, காரணம் எல்லாம் சொன்னேன்.

"டிரையர்?"

"இல்லை, சார். வெடிக்கும்."

"டிரையர் இல்லாமல் எப்படிக் காய்ந்தது?"

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. என் அறையில் பாகாக இருந்தது காளிகாட்டில் கண்ணாடியாக ஆகியிருக்கிறது. ஆம், வர்ணம் காய்வதற்காக வைத்த கரிச் சட்டி. வர்ணம் போய்விட்டது, சூடு தங்கிவிட்டது.

பொய் சொல்லியிருக்கலாம். சூரிய வெளிச்சம் என்று சொன்னால்கூட எழுதிக்கொண்டிருப்பார். ஆனால் மற்ற எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறவளுக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"கரி நெருப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்தது, சார்."

"அது யார் யோசனை?"

வாயிலிருந்து வர மறுத்தது. வரவழைத்தேன். "மிஸ்டர் வைத்தியநாதன்தான் கொண்டுபோனார்."

பாதுரி முதல் முறையாக அவரை ஒரு மனிதரைப்போல் பார்த்தார். "அப்படியா, மிஸ்டர் நாதன்? நெருப்பில் வாட்டியது நீங்களா?"

வைத்தியநாதன் பதறிப்போனார். கையை வேகமாக ஆட்டினார். "சேச்சே! அதெல்லாம் நான் இல்லை, சார். அந்தக் கரிச் சட்டி சிலைக்காரன் பழக்கம். எனக்கும் அந்தப் புகைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் பங்கு பெயின்ட் மட்டும்தான்."

பாதுரி நீலத் தொட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மதிப்பெண்ணை எழுதினார். ஜோடிக்கு ஒரே மதிப்பெண்தான். தேறிவிட்டோம். "தொட்டியை நீங்கள் இருவரும் கழுவிவிட்டுப் போங்கள்" என்றார்.

நான் கழுவினேன். அவர் எங்கே தேய்க்க வேண்டும் என்று காட்டினார்.

எட்டாம் நம்பர் பஸ்ஸுக்காக நிற்கும்போது, "நல்ல வேளை, நான் இருந்தேன்" என்றார். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஏன் தப்பில்லை என்று அவருக்குத் தெரியாது, சொன்னாலும் ஏற்க மாட்டார். சற்று முன்னால் கையில் வைத்துக் கொடுத்ததையே தட்டிவிட்டவர். அடுத்தது போட்டோகிராபி டிப்ளமா என்றும், அதிலும் ஜோடி உண்டா என்று விசாரித்திருப்பதாகவும் சொன்னார்.

"எனக்கு வேண்டாம் சார்" என்றேன்.

தெளிவாகத்தான் சொன்னேன். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அப்பா முகம் மலர்ந்து, "சார் கொண்டுபோனது நல்லதாப் போச்சு பாத்தியா" என்றார். தை மாதத்துக்கு முன்னால் விடுதியை வந்து பார்க்க வேண்டும் என்றார். அம்மா ஜாதகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏட்டி, இந்தக் குச்சியெல்லாம் இன்னும் வேணுமா? பலகையில கை வைக்க முடியல."

போய் நின்றேன். கீழே கரியடுப்பு கனிந்துகொண்டிருந்தது. மேலே பலகையில் என் குச்சிகள் வரிசையாக இருந்தன. பலகையில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. எந்தப் பூச்சு எதன்மேல் என்று எழுதியிருக்கிறேன். எங்கே வைத்துக் காயவைத்தேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். அதை ஒரு விவரமாக நான் நினைக்கவேயில்லை. இடமில்லாமல் வைத்த இடம்.

"அடுப்புல போட்டுரட்டா?" என்றாள் அம்மா.

"ஈயம் இருக்கும்மா. புகை ஆகாது."

குச்சிகளைச் சேர்த்துக் கட்டிக் குப்பைக்குக் கொண்டுபோனேன். தொட்டி கழுவியபோது விரலில் படிந்து காய்ந்த மயில் கழுத்து இன்னும் போகவில்லை. டர்பன்டைன் வைத்துத் தேய்த்தேன், அசையவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்து, வெறும் தண்ணீரில் கழுவினேன். போய்விட்டது.